ஊசியும் எழுதுகோலும்
ஜிப்ரான் குடும்பத்தின் அமெரிக்க வாழ்வு

அரபியில் ‘மஹ்ஜர்’ என்றொரு சொல் உண்டு. பிறந்த மண்ணை விட்டுச் சென்று குடியேறும் இடத்தை அது குறிக்கும். ஹா, ஜீம், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் அது. ‘ஹிஜ்ரத்’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். விட்டு நீங்குதல், உறவை அறுத்துக்கொள்ளுதல் என்பது அவ்வேரின் பொருள். ஆகவே மஹ்ஜர் என்று சொல்லும்போதே ஓர் அறுபட்ட இழையும் உடன் நினைவுக்கு வருகிறது.

அரபி இலக்கிய வரலாற்றில் ‘அதபுல் மஹ்ஜர்’, அதாவது புலம்பெயர்ந்தோர் இலக்கியம், ஒரு தனி அத்தியாயம். லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் அமெரிக்கா சென்ற எழுத்தாளர்கள், பழைய நடையின் சங்கிலிகளைத் தளர்த்தி, அரபிக்குப் புதுக் குருதி பாய்ச்சினார்கள் என்று நாங்கள் பாடம் நடத்துவது வழக்கம். ஜுப்ரான் கலீல் ஜுப்ரான், மீகாயீல் நுஐமா, ஈலியா அபூ மாளீ, நஸீப் அரீளா என்று பெயர்களை வரிசைப்படுத்துவோம். மாணவர்களும் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள்.

பல்லாண்டுகளாக இப்படியே பாடம் நடத்தி வந்த எளியேனிடம், ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “ஹஜ்ரத், இவர்களெல்லாம் அங்கே கவிதை எழுதினார்கள், சரி. சோற்றுக்கு என்ன செய்தார்கள்?” வகுப்பு சிரித்தது. எளியேனால் உடனே விடை சொல்ல முடியவில்லை. விடை தேடிப் படித்தபோது, இத்தனை ஆண்டுகள் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பது விளங்கிற்று. அந்த விடையே இக்கட்டுரை. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கலீல் ஜிப்ரானின் குடும்பமே இதன் பொருள்.

மலைச் சிற்றூர்

லெபனான் நாட்டின் வடபகுதியில், காதிஷா என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்தது பிஷர்ரீ என்னும் ஊர். லெபனானின் கொடியில் இன்று இடம்பெற்றிருக்கும் ‘அர்ஸ்’ என்னும் தேவதாரு மரங்களின் பழம்பெரும் தோப்பு இவ்வூரை அடுத்துத்தான் இருக்கிறது. மக்கள் மாரோனியக் கிறிஸ்தவர்கள்; தாய்மொழி அரபி. அக்காலத்தில் அந்நிலம் உதுமானிய சுல்தான்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனினும் லெபனான் மலைப்பகுதி 1861 முதல் தனி நிர்வாகம் பெற்றிருந்தது.

இவ்வூரில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் காமிலா ரஹ்மா. முதல் கணவர் பிழைப்புத் தேடிப் பிரேசில் நாடு சென்றவர், அங்கேயே காலமானார். அவருக்குப் பிறந்த மகன் புத்ருஸ். பின்னர் காமிலா, கலீல் ஜிப்ரான் என்பவரை மணந்தார். இந்த மணத்தில் 1883 ஜனவரி 6ஆம் நாள் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஜுப்ரான் என்று பெயரிட்டனர். 1885இல் மர்யானாவும், 1887இல் சுல்தானாவும் பிறந்தனர்.

தந்தை வரி வசூல் தொடர்பான பணியில் இருந்தவர். 1891இல் பணக் கையாடல் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார். குடும்பத்தின் உடைமைகள் பறிமுதலாயின. 1894இல் அவர் விடுதலை பெற்றார். ஆனால் இழந்த சொத்தோ, ஊரில் இழந்த மதிப்போ திரும்பவில்லை.

அந்நிலையில் காமிலா அம்மையார் ஒரு முடிவெடுத்தார். 1895ஆம் ஆண்டு நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கணவர் உடன் வரவில்லை; ஊரிலேயே தங்கிவிட்டார். முதல் கணவரை மஹ்ஜருக்குப் பலிகொடுத்த ஒரு பெண், மீண்டும் அதே மஹ்ஜரை நம்பிப் புறப்பட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சபர் என்றால் ஆண்மக்கள் புறப்படுவதும் பெண்மக்கள் வழிபார்த்திருப்பதும் என்றே நம் கடற்கரை ஊர்கள் அறிந்திருக்கின்றன. இந்த வீட்டிலோ சபர் போனவர் தாய். ஊரில் தங்கியவர் தந்தை.

பாஸ்டன் நகரில்

அன்று லெபனானிலிருந்து செல்வோர் பெரும்பாலும் பெய்ரூட்டில் கப்பலேறி, பிரான்சு நாட்டு மார்ஸேல் துறைமுகம் வழியாக நியூயார்க் சென்றடைவர். நியூயார்க் துறையில் 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் ஒவ்வொருவரையும் சோதிப்பர். கண்ணிமையைத் திருப்பிப் பார்ப்பர். ‘டிரகோமா’ என்னும் தொற்றுக் கண்ணோய் இருப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவர். ஒரே குடும்பத்தில் சிலர் உள்ளே விடப்படுவதும், ஒருவர் மட்டும் திருப்பியனுப்பப்படுவதும் நேர்ந்ததுண்டு.

வந்தவர்களின் நாட்டுப் பெயர் என்னவென்று எழுதுவதிலும் குழப்பம். உதுமானியக் குடிமக்கள் ஆதலால் ஆசியத் துருக்கியர் என்றே அவர்களைப் பதிந்து வந்தனர். 1899 முதல்தான் ‘சிரியர்’ என்று தனியே குறிக்கத் தொடங்கினர். லெபனானியர் என்னும் பெயர் அமெரிக்கரிடையே வழங்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

காமிலா அம்மையாரின் குடும்பம் பாஸ்டன் நகரின் தென்முனைப் பகுதியில் குடியேறியது. நியூயார்க்குக்கு அடுத்தபடி, அன்று சிரியர்கள் மிகுதியாக வாழ்ந்த இடம் அதுதான். அயர்லாந்தியர், சீனர், யூதர், இத்தாலியர் எனப் பல நாட்டு ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குறுகிய சந்துகள் அவை. மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைகள், வெயில் புகாத வாடகை வீட்டின் அறைகளில் அடைந்தனர்.

சுமை வியாபாரம்

அமெரிக்கா சென்ற முதல் தலைமுறை சிரியர்களில் பலருக்குச் சோறு போட்டது சுமை வியாபாரமே. தோளில் ஒரு பெட்டியோ மூட்டையோ தொங்கும். அப்பெட்டிக்கு அவர்கள் ‘கஷ்ஷா’ என்று பெயர் வைத்திருந்தனர். போர்த்துக்கீசிய மொழியில் பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது என்பர். ஊசி, நூல், பொத்தான், நாடா, சீப்பு, கண்ணாடி, பின்னல் வேலைப்பாடுள்ள லேஸ், படுக்கை விரிப்பு, ஜெபமாலை ஆகியன அதற்குள் இருக்கும். புனித பூமியிலிருந்து வந்த பொருள் என்றால் அமெரிக்கப் பெண்கள் ஆவலோடு வாங்குவர்.

இவ்வியாபாரத்துக்கு முதல் தேவையில்லை. மொழி தெரிய வேண்டியதுமில்லை. முன்பே வந்து நிலைபெற்ற சிரிய மொத்த வியாபாரி, தன் ஊர்க்காரருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பார். விற்று வந்து கணக்குத் தீர்த்து, மறுபடி சரக்கு எடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல், விலை சொல்ல நாலு சொல்; இவ்வளவோடு கதவுகளைத் தட்டப் புறப்பட்டுவிடுவர். பனி பெய்யும் காலத்தில் கிராமப் பாதைகளில் நாள்கணக்கில் நடந்து, களஞ்சியங்களில் படுத்துறங்கியவர்களும் உண்டு.

பெண்களும் இத்தொழிலில் இறங்கினர். வீட்டுப் பெண்கள் ஆண் வியாபாரிக்குத் திறக்காத கதவைப் பெண்ணுக்குத் திறந்தனர் என்பது ஒரு காரணம். ஆனால் நகரத்து அறநிலையங்களைச் சேர்ந்த சிலருக்கு இது பிடிக்கவில்லை. மனைவியரைத் தெருவுக்கு அனுப்பும் மக்கள் என்றும், இது வியாபாரமன்று, பிச்சையின் மறுவடிவம் என்றும் பழித்தனர். காமிலா அம்மையாரும் இப்பழியைச் சுமந்தவர்களில் ஒருவர். ஊரில் பாதிரியாரின் மகளாக மதிக்கப்பட்டவர், பாஸ்டனின் செல்வர் தெருக்களில் லேஸும் துணியும் சுமந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டினார். எஞ்சிய நேரத்தில் தையல் வேலை செய்தார்.

அந்தச் சுமையில் சேர்ந்த காசைக்கொண்டு மூத்த மகன் புத்ருஸுக்கு ஒரு சிறு கடை வைத்துக் கொடுத்தார். துணியும் சில்லறைப் பொருள்களும் விற்கும் கடை. மர்யானாவும் சுல்தானாவும் அண்ணனுக்கு அக்கடையில் துணையிருந்தனர். அவ்விரு சிறுமியரும் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வறுமை ஒரு காரணம். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற ஊர் வழக்கம் மற்றொரு காரணம்.

பள்ளிக்குப் போனவன் ஜுப்ரான் ஒருவனே. 1895 செப்டம்பர் இறுதியில், குடியேறியோரின் பிள்ளைகள் பயின்ற குவின்சி பள்ளியில் ஆங்கிலம் அறியாதார் வகுப்பில் சேர்ந்தான். அரபு முறைப்படி அவன் பெயர் ஜுப்ரான் கலீல் ஜுப்ரான். தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்பது அவ்வரிசை. பள்ளிப் பதிவேட்டில் முதற்பெயர் விழுந்துபோய், தந்தையின் பெயரே மகனின் பெயராகிவிட்டது. அப்பெயரின் எழுத்துகளும் ஆங்கிலத்தில் இடம் மாறின. உலகம் இன்று கலீல் ஜிப்ரான் என்று அழைப்பது, பதிவேடு ஒன்று திருத்தியமைத்த பெயரைத்தான்.

சிறுவனின் ஓவியத் திறமையைக் கண்ட நல்லவர்கள் சிலர், அவனை பாஸ்டனின் கலைஞர் வட்டத்துக்கு அறிமுகம் செய்தனர். 1896 இறுதியில் பிரெட் ஹாலண்டு டே என்னும் புகைப்படக் கலைஞரும் பதிப்பாளருமானவரின் ஆதரவு கிட்டியது. ஆனால் குடும்பத்தாருக்கு ஒரு கவலை இருந்தது. பிள்ளை இப்படியே வளர்ந்தால் அரபியை மறந்துவிடுவான். ஆகவே 1898இல் அவனைப் பெய்ரூட்டில் உள்ள அல்ஹிக்மா பள்ளிக்கு அனுப்பினர். பின்னாளில் அரபு உரைநடையை மாற்றியமைத்த எழுத்தாளர் இலக்கண அரபியை முறையாகக் கற்றது அங்கேதான். பதினைந்து வயதில் பாஸ்டனிலேயே இருந்துவிட்டிருந்தால் அரபி ஓர் எழுத்தாளரை இழந்திருக்கும். அந்தப் படிப்புக் காலம் முழுவதும் பாஸ்டனில் கடையும் தையலும் குடும்பத்தைத் தாங்கின.

பதினைந்து மாதங்கள்

நெருக்கமான குடியிருப்பும் இருளறைகளும் தம் விலையைக் கேட்டன. தென்முனைச் சந்துகளில் காசநோய் பரவியிருந்தது. 1902 ஏப்ரல் 4ஆம் நாள், பதினான்கு வயதுச் சுல்தானா அந்நோயால் மாண்டாள். அண்ணன் கடல் கடந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

அடுத்து புத்ருஸை நோய் பற்றியது. 1903 மார்ச்சில் அவரும் இறந்தார். அப்போதே தாயாரின் உடலில் புற்றுநோய் வேரோடியிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் காமிலா அம்மையாரும் கண்மூடினார். பதினைந்து மாதங்களுக்குள் ஒரே வீட்டிலிருந்து மூன்று ஜனாஸாக்கள் புறப்பட்டன. பிஷர்ரீயிலிருந்து ஐவராக வந்தவர்களில் இருவர் எஞ்சினர். தந்தையோ கடலுக்கு அப்பால் இருந்தார்; அவரும் 1909இல் ஊரிலேயே காலமானார்.

இருபது வயது ஜுப்ரானுக்குக் கடை நடத்தும் மனமில்லை. குடும்பத்துக்கிருந்த வியாபாரத்தை விற்றுவிட்டார். கையில் தொழிலில்லை, தலைக்குள் ஓவியமும் எழுத்தும் இருந்தன. அப்போது வீட்டைத் தாங்கியவர் பதினெட்டு வயது மர்யானா.

மர்யானாவின் ஊசி

மர்யானா பெண்களுக்கான உடை தைக்கும் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். காலையில் போய் மாலையில் திரும்புவார். அவர் கூலியில் வாடகையும் ரொட்டியும் விளக்கெண்ணெயும் வந்தன. அண்ணன் வரைந்தார், எழுதினார், பாஸ்டன் வீட்டில் அவர் எழுத்துமேசையின் எதிரே தங்கையின் தையல் ஓயாமல் நடந்தது.

1904 மே மாதத்தில் ஜிப்ரானின் ஓவியக் கண்காட்சி டேயின் கூடத்தில் நடந்தது. மேரி ஹாஸ்கல் என்னும் பள்ளித் தலைமையாசிரியை அங்கே அறிமுகமாகி, பின்னாளில் அவருடைய பெரும் புரவலரானார். அதே ஆண்டு நவம்பரில் அக்கூடம் தீக்கிரையாயிற்று. அங்கே வைத்திருந்த ஓவியங்களெல்லாம் சாம்பலாயின. அந்த இழப்பையும் தாங்க வேண்டியிருந்தது தங்கையின் கூலிதான். 1905இல் அவருடைய முதல் அரபி நூலான ‘அல்மூஸீகா’ நியூயார்க்கில் ‘அல்முஹாஜிர்’ என்னும் அரபிப் பத்திரிகையின் மூலம் வெளிவந்தது. 1906இல் ‘அராயிஸுல் முரூஜ்’, 1908இல் ‘அல்அர்வாஹுல் முதமர்ரிதா’ என்னும் கதை நூல்கள் தொடர்ந்தன. இந்த மூன்று நூல்களுக்கும் அடியில் மர்யானாவின் ஊசி இருக்கிறது. அவற்றின் முகப்பில் அவர் பெயர் இல்லை. அவற்றைப் படிக்கும் கல்வியை அவருக்கு யாரும் தரவுமில்லை.

இதில் ஜிப்ரானைக் குற்றவாளியாக்குவது எளியேனின் நோக்கமன்று. அவர் தங்கையின் பாடு அறியாதவரல்லர். 1908இல் மேரி ஹாஸ்கலின் பொருளுதவியால் பாரிஸ் சென்று ஓவியம் பயின்று, 1910இல் திரும்பினார். 1911இல் நியூயார்க் சென்று நிலையாகத் தங்கிய பின்னரும், பாஸ்டனுக்கு அடிக்கடி வந்து தங்கையுடன் தங்குவார். இருந்தாலும் அன்று அந்தக் குடும்பம் ஒரு கணக்குப் போட்டது. ஐந்து பேரில் ஒருவனைப் படிக்க வைக்கலாம், அவன் ஆண்பிள்ளை. அக்கணக்கில் சுல்தானாவுக்கு என்ன திறமை இருந்தது, மர்யானாவுக்கு எழுத வந்திருக்குமா என்ற கேள்விகள் கேட்கப்படவேயில்லை. கேட்கப்படாத கேள்விக்கு வரலாற்றில் விடையும் இல்லை.

நியூயார்க்கில் எழுதுகோல் சங்கம்

நியூயார்க்கின் தென்கோடியில் வாஷிங்டன் தெருவைச் சுற்றி அன்று ஒரு ‘சின்ன சிரியா’ இருந்தது. அரபிப் பத்திரிகைகளும் அச்சுக்கூடங்களும் அங்கே தோன்றின. ‘கவ்கப் அமெரிக்கா’ என்னும் முதல் அரபி இதழ் 1892லேயே வெளிவந்துவிட்டது. ‘அல்ஹுதா’ 1898இல் பிலடெல்பியாவில் தொடங்கிப் பின்னர் நியூயார்க் வந்தது. சுமை வியாபாரிகள் ஊர்ச் செய்தியறிய இவற்றுக்குச் சந்தா கட்டினர். ஆக, அரபி இலக்கியத்தின் இந்தப் புது மலர்ச்சிக்கு உரமிட்டதும் அதே கஷ்ஷாப் பெட்டிதான்.

1920இல் ‘அர்ராபிதத்துல் கலமிய்யா’ என்னும் எழுதுகோல் சங்கம் உருவாயிற்று. ஜிப்ரான் தலைவர், நுஐமா செயலாளர். இவர்களின் அரபி நடையைப் பழமைவாதிகள் கடுமையாகச் சாடினர். ஜிப்ரானின் ‘அல்மவாகிப்’ என்னும் 1919ஆம் ஆண்டுக் கவிதையில் குளித்தல் என்ற பொருளில் ‘தஹம்மம’ என்னும் சொல் வருகிறது. அகராதிப்படி அது ‘இஸ்தஹம்ம’ என்று இருக்க வேண்டும் என்று குறை கண்டனர். மக்கள் நாவில் உயிரோடு வழங்கும் சொல்லை எழுத்தாளன் ஏன் எடுத்தாளக் கூடாது என்று நுஐமா தம் ‘அல்கிர்பால்’ என்னும் 1923ஆம் ஆண்டு நூலில் எதிர்வாதம் செய்தார். ஸர்பும் நஹ்வும் கற்பிக்கும் எளியேன் அகராதியின் பக்கம் சாய்பவன்தான். எனினும் அந்தச் சொல் ஜிப்ரானுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கும்போது, பாஸ்டன் வாடகை வீட்டில் பிள்ளைகளைக் குளிக்க அழைத்த ஒரு தாயின் குரல் காதில் விழுவதுபோல் தோன்றுகிறது. கடிந்துகொள்ள மனம் வருவதில்லை.

1923இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘தீர்க்கதரிசி’ அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. அந்நூலின் கருத்துகள் அனைத்தும் நம் கொள்கைக்கு இயைந்தவை அல்ல. ஆனால் கிறிஸ்தவராகப் பிறந்த அவர், இப்னு சீனா, இமாம் கஸ்ஸாலி, இப்னுல் பாரிள் ஆகியோரைப் பற்றி மதிப்போடு அரபியில் கட்டுரைகள் எழுதினார் என்பதையும் மறக்கலாகாது.

ஊரில் பஞ்சம்

முதல் உலகப் போர்க் காலத்தில் லெபனான் மலைப்பகுதியைக் கொடும்பஞ்சம் வாட்டியது. நேச நாடுகளின் கடல் முற்றுகை ஒருபுறம். உதுமானியப் படையின் தானியக் கொள்முதல் ஒருபுறம். 1915இல் வந்த வெட்டுக்கிளிப் படையெடுப்பு மற்றொருபுறம். பதுக்கல்காரரின் பேராசையும் சேர்ந்துகொண்டது. மலைப்பகுதி மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் பசியாலும் நோயாலும் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மஹ்ஜரில் இருந்தவர்களுக்குப் பணம் அனுப்பும் வழிகளும் அடைபட்டன. வாரந்தோறும் சேமித்த காசு கையிலிருந்தும், அதை உண்ண வேண்டியவர் வாய்க்குக் கொண்டு சேர்க்க முடியாத கொடுமை அது.

1916இல் நியூயார்க்கில் அமைந்த சிரிய, லெபனான் மலை நிவாரணக் குழுவுக்கு ஜிப்ரான் செயலாளராகப் பணியாற்றினார். சொந்த மக்கள் பட்டினியால் சாக, தாம் தூரத்தில் உயிரோடிருக்கும் வெட்கத்தைப் பொருளாக வைத்து ஓர் அரபி உரைநடைக் கவிதையும் எழுதினார். குடியேறிகளின் துயரங்களில் இது தனியானது. ஊரை விட்டு வந்தவன் வயிறு நிறைந்தாலும், அந்த நிறைவே அவனைக் குத்திக்கொண்டிருக்கும்.

குடியுரிமையும் பள்ளிவாசல்களும்

குடியேறிகளுக்குச் சட்டத்தின் பக்கமிருந்தும் தொல்லைகள் வந்தன. வெள்ளையருக்கும், ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே வந்தேறிகளில் குடியுரிமை வழங்கும் சட்டம் அன்று அங்கே இருந்தது. சிரியர் வெள்ளையரா, ஆசியரா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. தென் கரோலினாவில் ஜார்ஜ் டவ் என்னும் சிரியருக்கு 1914இல் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1915இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மனிதனின் தகுதியை அவன் தோலில் தேடிய அச்சட்டத்தில் சிரியர்கள் ஒருவாறு உள்ளே நுழைந்தனர்; மற்ற ஆசியர்கள் வெளியே நின்றனர். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, சிரியாவுக்கும் லெபனானுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பிட்டு, வாசலையே ஏறக்குறைய மூடிவிட்டது.

அக்காலத்தில் சென்றவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். எனினும் முஸ்லிம்களும் சென்றனர். மார்க்கம் இல்லாத ஊரில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்ற அச்சத்தோடுதான் சென்றனர். வடக்கு டகோட்டா மாநிலத்தில் ராஸ் என்னும் சிற்றூரின் புல்வெளியில், அரசு வழங்கிய 160 ஏக்கர் நிலங்களில் உழுது பயிரிட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1929இல் தம் கையாலேயே ஒரு பள்ளிவாசல் எழுப்பினர். அது பின்னர் இடிக்கப்பட்டு, 2005இல் அதே நிலத்தில் சிறிய பள்ளி ஒன்று கட்டப்பட்டது. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் லெபனானிய முஸ்லிம்கள் 1934இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. உலகத்தையே உலுக்கிய பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், சுமை வியாபாரத்திலும் மளிகைக் கடையிலும் மிச்சம் பிடித்த காசில் எழுந்த கட்டடம் அது. அங்கும் சமையல் விருந்து நடத்தியும் சிறுகச் சிறுகச் சேர்த்தும் உதவிய பெண்களின் பங்கு பெரிது.

திரும்பிய பயணம்

1931 ஏப்ரல் 10ஆம் நாள், நியூயார்க் மருத்துவமனையில் ஜிப்ரான் காலமானார். வயது 48. கல்லீரல் நோயோடு, சுல்தானாவையும் புத்ருஸையும் கொண்டுபோன காசநோயின் அறிகுறியும் அவர் உடலில் இருந்தது. பாஸ்டனிலிருந்து விரைந்து வந்தார் மர்யானா. மூவரை அடக்கிய கைகளுக்கு நாலாவது கடமை வந்தது.

பிறந்த மண்ணிலேயே அடக்கமாக வேண்டும் என்பது மறைந்தவரின் விருப்பம். அவ்வாண்டு ஜூலையில் உடலைக் கப்பலில் ஏற்றி மர்யானாவும் உடன் சென்றார். ஆகஸ்டில் பெய்ரூட் துறையில் பெருங்கூட்டம் கூடி வரவேற்றது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கடனும் பழியுமாகப் புறப்பட்ட குடும்பம், நாடே எழுந்து நின்று மரியாதை செய்யத் திரும்பி வந்தது. ஐவரில் உயிரோடு வந்தவர் அந்தத் தையற்காரப் பெண்மணி ஒருவரே.

பிஷர்ரீக்கு அருகில் மலைப்பாறையைக் குடைந்தமைந்த மார் சர்கீஸ் என்னும் பழைய துறவியர் மடத்தை மர்யானா விலைகொடுத்து வாங்கினார். தமையன் அங்கே அடக்கமானார். பின்னாளில் அவ்விடமே அவருடைய ஓவியங்களும் உடைமைகளும் வைக்கப்பட்ட அருங்காட்சியகமாயிற்று. ஜிப்ரான் தம் உயிலில் பணத்தைத் தங்கைக்கும், நியூயார்க் கூடத்திலிருந்த ஓவியங்களையும் நூல்களையும் மேரி ஹாஸ்கலுக்கும், நூல்களின் உரிமைத் தொகையைப் பிஷர்ரீ ஊருக்கும் எழுதிவைத்திருந்தார். நூல்கள் பல லட்சக்கணக்கில் விற்க, அத்தொகை பெருகியது. அதைப் பங்கிடுவதில் ஊருக்குள் நெடுங்காலம் பூசல்களும் வழக்குகளும் நடந்தன. எந்தக் கூலியில் அந்த எழுத்து முளைத்ததோ, அந்தக் கூலிக்காரியோ பாஸ்டனுக்குத் திரும்பி, மணம் செய்துகொள்ளாமல், அமைதியாகத் தம் வாழ்நாளைக் கழித்தார்.

எழுதாதவர்களின் வரலாறு

எழுதியவர்களின் வரலாறு எழுத்தாலேயே நிலைத்துவிடும். எழுதாதவர்களின் வரலாற்றை யாராவது கேட்டு வைத்தால்தான் உண்டு. இதை உணர்ந்து உழைத்தவர் அலிக்ஸா நாப் என்னும் பெண்மணி. லெபனானில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டவர். 1962இல் தாமே காரோட்டிக்கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சென்றார். முதல் தலைமுறையைச் சேர்ந்த முதியவர்களைச் சந்தித்தார். எத்தனை மைல் நடந்தீர்கள், பெட்டியில் என்ன இருந்தது, முதல் ஆங்கிலச் சொல் எது, பனியில் எங்கே படுத்தீர்கள் என்றெல்லாம் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அவர்களுடைய வீட்டுப் பொருள்கள், உடைகள், புகைப்படங்கள் ஆகியவற்றையும் திரட்டினார். 1984இல் அவையனைத்தையும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் அருங்காட்சி நிறுவனத்துக்கு வழங்கி, அத்தொகுப்புக்குத் தம் பெற்றோரான பாரிஸ், யம்னா ஆகியோரின் பெயரையே சூட்டினார். 1985இல் அச்செய்திகளைக்கொண்டு ஒரு வரலாற்று நூலையும் வெளியிட்டார். அவர் 2013இல் மறைந்தார். அவர் கேட்டிருக்காவிடில் அந்த முதியவர்களோடு அவ்வளவும் மண்ணுக்குள் போயிருக்கும்.

சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்ட மாணவருக்கு எளியேன் இப்போது விடை சொல்லிவிட்டேன். ஒரு தாய் சுமை தூக்கினார். ஓர் அண்ணன் கடையில் நின்றார். இரு சிறுமியர் பள்ளியை விட்டுக்கொடுத்தனர். ஒரு தங்கை தைத்தார். அதன் பின்னரே ஒருவர் எழுதினார். அதபுல் மஹ்ஜர் பாடத்தில் இனி எளியேன் எழுதிப்போடும் பெயர்ப் பட்டியல் ஜுப்ரானில் தொடங்காது. காமிலா, புத்ருஸ், சுல்தானா, மர்யானா என்று நான்கு பெயர்கள் அதற்கு முன்னே வரும்.

வாசகப் பெருமக்களின் வீடுகளிலும் இத்தகைய உம்மாமார்களும் லாத்தாமார்களும் இருப்பார்கள். ஒரு தம்பி ஆலிமாகவோ ஆசிரியராகவோ ஆவதற்காகத் தம் படிப்பை விட்டவர்கள், தையலிலும் பாய் முடைவதிலும் பீடி சுற்றுவதிலும் கண்ணொளியைக் கொடுத்தவர்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து கேட்க வேண்டும். கேட்டதை எழுதிவைக்க வேண்டும். எளியேனுக்கும் அப்படியொரு மூத்த சகோதரி உண்டு. இந்தக் கட்டுரையை முடித்த கையோடு அவரைப் பார்க்கப் புறப்படுகிறேன்.